வண்டிக் கூரைப் பனியைத் தள்ள வீட்டிலேயே செய்யும் பலகை

ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் கடைகளில் தொங்கும் கார் பிரஷ், ஐந்து பத்து சென்ரிமீற்றர் பனிக்கென்று செய்யப்பட்டது. ஒரு முனையில் தும்பு, மறுமுனையில் ஐஸ் சுரண்டி. இரவு முழுவதும் கொட்டி முழங்காலளவு பனி ஏறிய காலையில் அந்தத் தும்பு பனிக்குள் புதைந்து மடங்கிவிடும். கூரையின் நடுப்பகுதி எட்டவே எட்டாது. எட்டாததை அப்படியே விட்டுவிட்டு 401 நெடுஞ்சாலையில் ஏறும் வண்டிகளை ஒவ்வொரு குளிர்காலமும் பார்க்கிறோம். அந்தப் பனி கிளம்பிப் பறக்கும்போது போய் விழுவது பின்னால் வருபவரின் முன்கண்ணாடியில்.

கூரையில் கிடப்பது எவ்வளவு என்று ஒரு கணக்குப் போடலாம். சாதாரண காரின் கூரை ஏறக்குறைய 2 சதுர மீற்றர். புதிதாக விழுந்த உலர்பனி ஒரு கன மீற்றருக்கு 50 முதல் 100 கிலோ. ஈரப்பனி 300 கிலோவையும் தாண்டும். 30 சென்ரிமீற்றர் பனி கூரையில் இருந்தால், உலர்பனி என்றால் 30 முதல் 60 கிலோ, ஈரப்பனி என்றால் 180 கிலோ. இப்படிப் பனி கொட்டும் நாட்கள் இங்கே வருவதுண்டு. பனியை அகற்ற மேயர் மெல் லாஸ்ற்மன் இராணுவத்தை உதவிக்கு அழைத்த 1999 ஜனவரி, ரொறன்ரோவில் பழைய ஆட்களுக்கு இன்னும் நினைவிருக்கும். பெரிய ஏரிகளின் தண்ணீர் இன்னும் சூடாறாத நாட்களில் அதன்மேல் கடுங்குளிர்க் காற்று வீசினால், ஈரத்தை அள்ளிக்கொண்டு கரையேறி ஒரே இடத்தில் கொட்டிவிடும். 2022 நவம்பரில் பஃபலோவுக்குத் தெற்கே ஓர்ச்சட் பார்க்கில் இப்படித்தான் 2 மீற்றர் அளவுக்குக் கொட்டியது.

இவ்வளவு பனியைக் கூட்ட முடியாது, தள்ளத்தான் வேண்டும். நெல் காயப்போட்ட களத்தில் நீண்ட பிடி போட்ட பலகையால் நெல்லை இழுத்துக் குவிப்பார்களே, அதே வடிவம்தான் இங்கும் வேண்டும். வேறுபாடு ஒன்றே: விளிம்பு மெத்தென்று இருக்க வேண்டும், ஏனெனில் அடியில் இருப்பது கார்ப் பெயின்ற்.

1. வண்டியை அளந்த பிறகு தடியை வெட்டுங்கள்

காரின் உயரம் 1.45 மீற்றர் அளவில் இருக்கும். எஸ்.யூ.வி.யும் மினிவானும் 1.7 முதல் 1.8 வரை வரும். பக்கத்தில் நின்று தடியை நீட்டினால் பலகை கூரையின் நடுக்கோட்டைத் தாண்டி ஒரு சாண் போனால் போதும். மறுபாதியை மறுபக்கம் நின்று எடுக்கலாம். காருக்கு 1.2 மீற்றர் தடி, வானுக்கும் எஸ்.யூ.வி.க்கும் 1.5 மீற்றர். இதைவிட நீளமானால் முனையின் பாரம் மணிக்கட்டில் ஏறும், பலகை சொன்னபடி கேட்காது. குள்ளமானவர்கள் தடியை நீட்டுவதற்குப் பதிலாக, உறுதியான, வழுக்காத ஒரு படிக்கட்டில் ஏறி நிற்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஐஸ் படிந்த டிரைவ்வேயில் படிக்கட்டு எதுவும் உறுதியானதல்ல. தடியைத்தான் நீட்ட வேண்டும். உயரமான சரக்கு வான் வைத்திருப்பவர்களுக்குச் சுவர்ப் பெயின்ற் அடிக்கும், நீட்டிச் சுருக்கும் தடி பொருந்தும்.

2. தடிக்கு மரம்தான் முதல் தெரிவு

பழைய தும்புத்தடியின் பிடி நல்லது. வட அமெரிக்காவில் விற்கும் தும்புத்தடிப் பிடிகளுக்கும் பெயின்ற் தடிகளுக்கும் பெரும்பாலும் ஒரே புரிதான்: முக்கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 5 சுற்று. ஒன்று முறிந்தால் இன்னொன்றைத் திருகிக்கொள்ளலாம் என்பதால் இந்தப் புரி உள்ள தடியாகப் பாருங்கள். வீட்டில் பிள்ளைகள் ஹொக்கி விளையாடுகிறார்கள் என்றால் அடிப்பகுதி உடைந்த மட்டை ஒன்று கராஜில் கிடக்கும். அதன் தண்டு இலேசானது, உறுதியானது, கையுறையோடு பிடிக்க வசதியானது.

வெள்ளை பி.வி.சி. தண்ணீர்க் குழாயைத் தடியாக்க வேண்டாம். மலிவு, வெட்டுவதும் எளிது. ஆனால் குளிரில் அது நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். மைனஸ் 15, 20 பாகையில் பாரத்தோடு வளைத்தால் கூரிய முனையோடு முறிந்து கையைக் கிழிக்கும்.

3. பலகையின் அளவு: 45 சென்ரிமீற்றர் அகலம், 15 சென்ரிமீற்றர் உயரம்

அகலம் கூடினால் வேலை சீக்கிரம் முடியும் என்று தோன்றும். கணக்குப் பார்த்தால் அப்படியில்லை. இந்த அளவுப் பலகையால் 60 சென்ரிமீற்றர் தூரம் இழுத்தால் முன்னே சேரும் பனி 0.04 கன மீற்றர். உலர்பனியில் அது 4 கிலோ, ஈரப்பனியில் 12 கிலோ. நீட்டிய கையால் ஓர் இழுப்புக்கு 12 கிலோ என்பதே அதிகம். பலகையை 70 சென்ரிமீற்றராக்கினால் தோள்பட்டை அரை மணி நேரம் தாங்காது.

எதில் செய்வது? மெல்லிய பிளாஸ்ரிக் வெட்டுப்பலகை, அதாவது குசினியில் மரக்கறி நறுக்கும் வெள்ளைப் பலகை, மிகச் சிறந்தது. அது பெரும்பாலும் உயரடர்த்திப் பொலித்தீனால் ஆனது. கனடாவின் குளிருக்கு வெடிக்காது, தண்ணீர் குடிக்காது, பனியும் அதில் அவ்வளவாக ஒட்டாது. இல்லையென்றால் அரை அங்குலப் பிளைவூட். பிளைவூட்டானால் நான்கு விளிம்புகளிலும் பெயின்ற் அல்லது வார்னிஷ் இரண்டு முறை பூசுங்கள். விளிம்பு வழியாகத்தான் தண்ணீர் உள்ளே போய், உறைந்து, அடுக்குகளைப் பிரிக்கும். எதுவானாலும் மூலைகளை வட்டமாக வெட்டி உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். வண்டியைக் கீறுவது பெரும்பாலும் மூலைதான்.

4. தண்ணீர் குடிக்காத போமைத் தேர்ந்தெடுங்கள்

இந்தக் கருவியின் உயிர், பலகையின் விளிம்பை மெத்தென்று ஆக்கும் போமில் இருக்கிறது. போம் இரண்டு வகை. சோபா மெத்தைக்குள் இருப்பது, பாத்திரம் கழுவுவது போன்றவற்றில் சிறு துளைகள் ஒன்றோடொன்று தொடர்ந்திருக்கும், தண்ணீரை உறிஞ்சும். உருகிய பனியைக் குடித்துவிட்டு வெளியில் கிடந்தால் மறுநாள் ஐஸ் கட்டியாகியிருக்கும். அதை வண்டியில் தேய்ப்பதும் கல்லைத் தேய்ப்பதும் ஒன்று. மற்ற வகையில் ஒவ்வொரு குமிழும் மூடியிருக்கும், தண்ணீர் புகாது. நீச்சல் குளத்தில் பிள்ளைகள் பிடித்து மிதக்கும் நீண்ட நூடில், முகாமில் நிலத்தில் விரித்துப் படுக்கும் பாய், உடற்பயிற்சி அறையில் ஒன்றோடொன்று கோத்துப் போடும் தரைச் சதுரங்கள், எல்லாம் இந்த வகை.

சந்தேகம் வந்தால் ஒரு துண்டை வெட்டித் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்து, வெளியே எடுத்துப் பிழியுங்கள். தண்ணீர் வடிந்தால் அது வேண்டாம். நூடில்களைக் கோடை முடிவில் டொலர் கடைகளில் வாங்கி வைத்துவிட வேண்டும். டிசம்பரில் தேடினால் கிடைப்பது கடினம்.

5. போமை ஒட்டாதீர்கள், கட்டுங்கள்

இந்தப் போம்களில் பல பொலித்தீனால் ஆனவை. பொலித்தீனில் பசை எளிதில் பிடிக்காது. சூட்டுப்பசைத் துப்பாக்கியால் ஒட்டுவது வீட்டுக்குள் உறுதியாகத் தெரியும். கடுங்குளிரில் அந்தப் பசையே விறைத்து, ஒரு தட்டுக்குக் கழன்றுவிடும். நைலோன் கேபிள் ரை பட்டைகளும் குளிரில் சட்டென்று அறும். ஆகவே கயிறு. கூடாரம் கட்டும் மெல்லிய நைலோன் கயிறு போதும்.

கட்டும் முறை இது. பலகையின் கீழ் விளிம்பிலிருந்து 5 சென்ரிமீற்றர் உள்ளே தள்ளி, 8 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக, பென்சில் பருமனில் துளைகள் இடுங்கள். நூடிலைப் பலகையின் அகலத்தைவிட ஒவ்வொரு பக்கமும் 3 சென்ரிமீற்றர் கூடுதலாக வெட்டுங்கள். இந்த மீதிதான் பலகையின் மூலைகளை வண்டியில் படாமல் காக்கும். பிறகு கூரான கத்தியால் நூடிலின் ஒரு பக்கத்தை மட்டும், நடுத்துளை வரை, நீளவாக்கில் கீறுங்கள். பலகையின் விளிம்பை அந்தக் கீறலுக்குள் அழுத்திச் செருகுங்கள். கயிற்றை முதல் துளையில் முடிச்சிட்டு, நூடிலைச் சுற்றி எடுத்து, அடுத்த துளையில் விட்டு, இப்படியே மறுமுனை வரை தைத்துச் செல்லுங்கள். கயிறு போமில் சற்றே பதிய வேண்டும். போம் இடுப்பு ஒடுங்கும் அளவுக்கு இறுக்கினால் அங்கே கிழியும்.

மேல் விளிம்புக்கும் இதேபோல் ஒரு நூடில் துண்டு கட்டினால் நல்லது. பலகையைத் திருப்பியும் பயன்படுத்தலாம். அவசரத்தில் தலைகீழாகப் பிடித்துவிட்டாலும் வண்டிக்குச் சேதமில்லை. பலகையின் இரண்டு முகங்களையும் பாய்த் துண்டால் மூடி அதையும் கயிற்றோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள்.

6. தடியும் பலகையும் சேரும் இடம்

முறிவது எப்போதும் இங்கேதான். ஒரேயொரு ஆணியை அடித்துத் தடியை நிறுத்தினால் முதல் ஈரப்பனியிலேயே ஆடத் தொடங்கும்.

எளிய வழி, பழைய தள்ளு தும்புத்தடியின் மரக்கட்டையைப் பயன்படுத்துவது. புரி போட்ட துளை அதில் ஏற்கெனவே இருக்கும். தும்பை வெட்டி எறிந்துவிட்டு, கட்டையைப் பலகையின் நடுவில் வைத்து நான்கு போல்ற் போட்டு இறுக்குங்கள். அப்படிக் கட்டை இல்லாதவர்கள், 10 சென்ரிமீற்றர் சதுர மரத்துண்டில் தடி இறுக்கமாக நுழையும் துளையிட்டு, தடியைச் செருகி, குறுக்கே ஒரு போல்ற் போடலாம். இரண்டு முறையிலும், தடியில் 25 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து பலகையின் இரு ஓரங்களுக்கும் சாய்வாக இரண்டு மரச்சட்டங்கள் கொடுத்துவிட்டால் தலை ஆடாது. இந்தச் சட்டங்களைத் தேவையில்லை என்று பலர் விட்டுவிடுவார்கள். விடாதீர்கள்.

7. இரும்பு எதுவும் வெளியே தெரியக்கூடாது

காரின் பெயின்ற்றுக்கு மேலே உள்ள தெளிந்த பூச்சு 40, 50 மைக்ரோன் அளவே, தலைமயிரைவிட மெல்லியது. ஒரு போல்ற்றின் தலை ஒருமுறை உரசினால் போதும். தட்டைத் தலை போல்ற்றுகளைப் பலகைக்குள் பதித்து, நட்டையும் போமால் மூடுங்கள். பெரிய வாசர் போட்டால் மரம் நசியாது. துருப்பிடிக்காத உருக்கு அல்லது நாகம் பூசிய போல்ற்றாக வாங்குங்கள். வீதி உப்பு சாதாரண இரும்பை ஒரு குளிர்காலத்திலேயே தின்றுவிடும்.

8. பலகையில் மெழுகு தேயுங்கள்

ஈரப்பனி ஒட்டும். பழைய மெழுகுதிரியைப் பலகையின் வெளித்தெரியும் பகுதியில் நன்றாகத் தேய்த்தால் வழுகி விழும். பனி அள்ளும் சவளுக்கும் இது பொருந்தும். சமையல் எண்ணெய் பூசுபவர்களும் உண்டு. அது காரில் பட்டு முன்கண்ணாடிக்கும் வந்து சேரும், ஆகையால் மெழுகே மேல்.

9. பிடிக்குத் துணி ரேப்

ஹொக்கி மட்டையில் சுற்றும் துணி ரேப்பைப் பிடிக்கும் இரண்டு இடங்களிலும் சுற்றுங்கள். தடியின் நுனியில் நாலைந்து சுற்று அதிகமாகச் சுற்றி ஒரு குமிழ் உண்டாக்கிவிட்டால், கையுறையிலிருந்து தடி நழுவாது. ரேப்பை வீட்டுக்குள், சூட்டில் ஒட்ட வேண்டும்.

10. வண்டியில் வைக்கும் முன் பழைய சிடியில் தேய்த்துப் பாருங்கள்

பளபளக்கும் பக்கம் மேலே இருக்க, சிடியை மேசையில் வைத்து, கருவியின் விளிம்பால் அழுத்திப் பலமுறை இழுங்கள். விளக்கில் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய கீறலும் தெரியும். கீறல் இருந்தால் கட்டிய கயிற்றின் முடிச்சையும் மூலையையும் முதலில் பாருங்கள்.

11. இன்று இரவே பனி வருகிறதென்றால்

அறுக்கவும் துளையிடவும் நேரமில்லாதவர்கள், அகலமான தள்ளு தும்புத்தடி ஒன்றின் தலையில் முகாம்பாயை இரண்டு சுற்றுச் சுற்றிக் கயிற்றால் வரிந்து கட்டுங்கள். ஒரு பனிக்கு இது தாங்கும். பழைய துவாயைச் சுற்ற வேண்டாம், நனைந்து உறைந்துவிடும்.

12. பனியில் முதலில் தோண்ட வேண்டியது புகைக்குழாயை

கருவி கையில் வந்ததும் கூரைக்குப் போகாதீர்கள். வண்டியின் பின்னால் போய்ப் புகைக்குழாயின் வாயையும் அதைச் சுற்றியும் பனியை முற்றாக அகற்றுங்கள். அதன் பிறகே இஞ்சினை இயக்க வேண்டும். அடைபட்ட குழாயிலிருந்து கார்பன் மொனொக்சைட் வாயு வண்டிக்குள் திரும்பும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. 2016 ஜனவரிப் பெரும்பனியின்போது நியூ ஜேர்சியின் பசேய்க் நகரில், தந்தை வெளியே பனி அள்ளிக்கொண்டிருக்க, சூட்டுக்காகக் காருக்குள் உட்கார்ந்திருந்த தாயும் பிள்ளைகள் இருவரும் இப்படி இறந்தார்கள். புகைக்குழாய் பனியால் மூடியிருந்தது.

பனி தள்ளி முடியும்வரை பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்கட்டும். குழாயைத் தோண்டிய பிறகும், கூரையிலிருந்து தள்ளும் பனி பின்னால் விழுந்து அதை மறுபடி மூடிவிடக்கூடும். இடையிடையே போய்ப் பாருங்கள். கராஜின் உள்ளே வண்டியை இயக்கி விடுவது, கதவு திறந்திருந்தாலும், கூடாது.

13. தள்ளும் முறை

பனி ஒரு முழம் இருந்தால் அடிவரை பலகையை இறக்க வேண்டாம். மேலிருந்து 10, 15 சென்ரிமீற்றர் அடுக்காக எடுங்கள். முதல் அடுக்கை நடுக்கோட்டிலிருந்து உங்கள் பக்கம் இழுத்து விழுத்துங்கள். இழுக்கும்போது நேராக மார்புக்கு இழுக்காமல் சற்றே சாய்வாக, வண்டியின் பின்பக்கம் நோக்கி இழுத்தால் பனி உங்கள் சப்பாத்துக்குள் விழாது. முன்பக்கத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கி நகருங்கள். பிறகு மறுபக்கம்.

கடைசி ஒரு விரலளவு பனியைத் தனியாக நடத்த வேண்டும். வீதியில் தூவிய மணலும் உப்பும் வண்டியில் ஏற்கெனவே படிந்திருக்கும். கீறலை உண்டாக்குவது பெரும்பாலும் இந்த மணல்தான். போம் மெத்தென்று இருந்தால் மட்டும் போதாது. ஆகவே கடைசி அடுக்கை எடுக்கும் முன் போமைத் தட்டி உதறி, அதில் மணல் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, அழுத்தாமல், கருவியின் பாரத்திலேயே வழுகவிட்டு ஒருமுறை மட்டும் இழுங்கள். ஒரே இடத்தில் முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. உலர்பனி என்றால் இலை ஊதும் பட்டரி இயந்திரம் இந்தக் கடைசி அடுக்கைத் தொடாமலே அகற்றிவிடும். அது வீட்டில் இருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

பனி கூரையில் அரை மீற்றருக்கும் மேல் நின்று, பலகையே ஏற முடியாத நிலை என்றால், இரண்டு பேர் இரு பக்கமும் நின்று, தடித்த பருத்திக் கயிற்றை வண்டிக்குக் குறுக்கே போட்டு, வாள் அறுப்பதுபோல் மாறிமாறி இழுத்துப் பனியை மேலிருந்து பாதியாக வெட்டுங்கள். மேல்பாதி கட்டியாகச் சரியும். கூரையில் அன்ரெனா இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

14. கூரையில் ஐஸ் தகடு இருந்தால்

பனிக்கு மேல் உறைமழை பெய்தால் கண்ணாடித் தகடு மாதிரி ஐஸ் பிடிக்கும். நெடுஞ்சாலையில் பறந்து உயிரெடுப்பது இந்தத் தகடுதான். சுத்தியலாலோ சவளாலோ அடிக்காதீர்கள். புகைக்குழாய் திறந்திருப்பதை உறுதி செய்துகொண்டு, ஹீற்றரைக் கூட்டி வைத்துச் சற்று நேரம் வெளியில் நில்லுங்கள். உள்ளிருந்து சூடேறும்போது அடியில் பிடி தளரும். பலகையைத் தகட்டின் ஓரத்துக்கு அடியில் செருகி இலேசாகத் தூக்கினால் பெரிய துண்டுகளாகக் கழலும். கண்ணாடிக் கூரை உள்ள வண்டிகளில் எந்தக் கட்டத்திலும் கீழ்நோக்கி அழுத்தம் கூடாது.

15. கண்ணாடிக்கு வேறு வழி

பலகையைக் கண்ணாடி ஐஸுக்கு எடுக்க வேண்டாம், ஐஸ் சுரண்டியைப் பெயின்ற்றுக்கு எடுக்க வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 வீத ஐசோபுறோப்பில் அல்ககோல் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து தெளிப்பான் போத்தலில் வைத்திருங்கள். தெளித்துச் சற்றுப் பொறுத்தால் ஐஸ் சுரண்டிக்கு எளிதாக விட்டுக்கொடுக்கும். இது தீப்பற்றும், சிகரெட்டோடு அருகே போகக்கூடாது, பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

கொதிநீர் மட்டும் ஒருபோதும் வேண்டாம். திடீர் வெப்பத்தில் கண்ணாடி வெடிக்கும். வெடிக்காவிட்டாலும் ஊற்றிய நீர் வழிந்து காலடியில் ஐஸாகும்.

16. கூரைப் பனி பற்றிச் சட்டம் சொல்வது

கியூபெக்கில், கழன்று விழக்கூடிய பனியோடும் ஐஸோடும் வண்டி ஓட்டுவதே குற்றம். ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம், 74ஆம் பிரிவில், முன்கண்ணாடியும் பக்கக் கண்ணாடிகளும் தடையின்றித் தெரிய வேண்டும் என்கிறது. அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயரில் இதற்கென உள்ள சட்டத்தை ஜெசிகா சட்டம் என்றே அழைக்கிறார்கள். 1996இல் லொறியொன்றின் கூரையிலிருந்து பறந்த ஐஸ், இன்னொரு லொறியை மோத வைத்ததில் இறந்த 20 வயதுப் பெண்ணின் பெயர் அது. பென்சில்வேனியா 2022இல் கொண்டுவந்த சட்டத்தின்படி, பனி நின்று 24 மணி நேரத்துக்குள் வண்டியிலிருந்து பனியையும் ஐஸையும் அகற்ற நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும்.

முன்கண்ணாடியில் எட்டிப் பார்க்க ஒரு துவாரம் மட்டும் சுரண்டிக்கொண்டு புறப்படுகிறவருக்கும் ஆபத்து உண்டு. முதல் சிவப்பு விளக்கில் பிரேக் பிடித்தால் கூரைப் பனி முழுவதும் முன்னே சரிந்து கண்ணாடியை மூடும். வைப்பரால் அந்தப் பாரத்தை அசைக்க முடியாது.

17. தள்ளிய பனி வீதிக்குப் போகக் கூடாது

அனுமதியில்லாமல் வீதியில் பனியைக் கொட்டுவது ஒன்ராறியோவில் சட்டத்துக்கு மாறானது. பக்கத்து வீட்டு எல்லையிலும் குவிக்காதீர்கள். நீங்கள் தள்ளும் பக்கத்தை முன்கூட்டியே தீர்மானித்து, அங்கிருந்து டிரைவ்வேயைக் கடைசியில் துப்புரவாக்கினால் ஒரே பனியை இரண்டு முறை அள்ள வேண்டியிராது. அதாவது வண்டி முதலில், நிலம் பிறகு.

18. நெஞ்சையும் முதுகையும் பாருங்கள்

கியூபெக் மருத்துவமனைப் பதிவுகளை வைத்துக் கனடிய மருத்துவச் சங்க இதழில் 2017இல் வெளியான ஆய்வு, பெரும்பனி விழுந்த மறுநாட்களில் ஆண்களிடையே மாரடைப்பு கூடுவதைக் காட்டியது. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கியிருக்கும்போது, எழுந்தவுடன், வெறும் வயிற்றில், அவசர அவசரமாகப் பாரம் இழுப்பது இதயத்துக்குக் கெடுதி. நம்மவர்களில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அப்பாமார், தாத்தாமார் வெளியே இறங்கும் முன் வீட்டில் இளையவர்கள் இறங்க வேண்டும். நெஞ்சில் இறுக்கம், இடதுகை வலி, வழக்கமில்லாத மூச்சு வாங்கல் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி 911ஐ அழையுங்கள்.

முதுகுக்கு: இடுப்பைத் திருப்பாமல் காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள். சில இழுப்புகளுக்கு ஒருமுறை கையை மாற்றுங்கள்.

19. விட்டுப்போகும் சிறு இடங்கள்

முன்கண்ணாடிக்கும் பொனற்றுக்கும் இடையே உள்ள காற்றுத் துவாரம். அது அடைபட்டால் கண்ணாடி உள்ளே மூடுபனி பிடித்து ஹீற்றர் வேலை செய்யாததுபோல் தோன்றும். முன் விளக்குகள், பின் விளக்குகள்: இப்போதைய எல்.இ.டி. விளக்குகள் பழையவைபோல் முன்பக்கம் சூடாவதில்லை, அதனால் அவற்றில் ஒட்டிய பனி தானாக உருகாது. இலக்கத் தகடு. பின்பக்கக் கமராவும், முன் பம்பரிலுள்ள சென்சர்களும். இவற்றுக்குக் கையும் சிறு பிரஷும் போதும்.

20. முதல் நாள் இரவே செய்யக்கூடியவை

வைப்பரை நிறுத்திவிட்டே இஞ்சினை அணையுங்கள். காலையில் உறைந்த வைப்பர் இழுபட்டு மோட்டார் எரியாமல் இருக்கும். முன்கண்ணாடிக்கு ஒரு பழைய தார்ப்பாய்த் துண்டை விரித்து, இரு ஓரங்களையும் கதவுகளுக்குள் வைத்து மூடிவிடுங்கள். கூரைக்கும் சேர்த்துப் பெரிய தார்ப்பாய் போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மேலே சொன்ன 180 கிலோவை அந்தத் தார்ப்பாயோடு இழுக்க வேண்டியிருக்கும். காற்றில் அடித்துப் பெயின்ற்றையும் அது தேய்க்கும். கதவின் றப்பர் ஓரங்களில் சிலிக்கோன் தெளிப்பு பூசினால் கதவு உறைந்து ஒட்டாது.

21. கருவி வீட்டு வாசலில் இருக்கட்டும்

காரின் டிக்கிக்குள் வைத்தால், கார் புதைந்த நாளில் கருவியும் சேர்ந்து புதைந்திருக்கும். வாசலுக்கு உள்ளே ஓரமாக, தலை மேலே இருக்க நிறுத்துங்கள். காருக்குள் சிறிய பிரஷும் சுரண்டியும் போதும். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குப் புரித் தடி வசதி. கழற்றினால் மின்தூக்கியில் கொண்டுபோவது எளிது.

22. போமை மாற்றும் காலம்

ஒவ்வொரு பனிக்குப் பிறகும் போமை உதறி, வெறுங்கையால் நீளத்துக்குத் தடவிப் பாருங்கள். கரகரப்பாகத் தட்டுப்பட்டால் இளஞ்சூட்டு நீரில் கழுவி உலர்த்துங்கள். கழுவியும் மணல் போகாமல் போமுக்குள் ஏறியிருந்தால் கயிற்றை அவிழ்த்து நூடிலை அரைச் சுற்றுத் திருப்பி, எதிர்ப்பக்கத்தில் புதிதாகக் கீறிக் கட்டலாம். அதுவும் தேய்ந்தால் புது நூடில். போல்ற்றுகளை ஏப்ரலில் ஒருமுறை இறுக்கி, மரச்சட்டங்களில் வெடிப்பு இருக்கிறதா பார்த்து, கராஜில் மேலே தூக்கி வையுங்கள். ஜூனில் நூடில்கள் கடைக்கு வந்ததும் இரண்டு வாங்கி அதனோடு சேர்த்துக் கட்டிவிடலாம்.